சம்பந்தி வண்டி

புதுக்கோட்டையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றால் ஒரு சொல் காதில் விழும். எத்தனை முறை பிரித்துப் பூட்டினாலும் அதே கோளாறோடு பட்டறைக்குத் திரும்பி வரும் வண்டிக்கு நம் ஊர் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பெயர் அது: சம்பந்தி வண்டி. போன வருடம் என் பைக்குக்குச் செயின் வாங்கப் போயிருந்தேன். கவுண்டரில் நின்ற ஒரு மெக்கானிக் தம்பி, பக்கத்தில் இருந்தவர் கையில் ஹெட் கேஸ்கட்டைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, சம்பந்தி வண்டியா?" என்று கேட்டார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். கடைக்காரர் மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் ரசீதில் குனிந்துகொண்டார். அவருக்குத் தெரியும், அந்தச் சம்பந்தி என் சம்பந்திதான் என்று.

எங்கள் மெக்கானிக் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்காக என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். நட்ட நடு ரோட்டில் நின்ற பஸ்ஸை ஒரு துண்டுக் கம்பியை வைத்து ஓட வைத்த கதையெல்லாம் என்னிடமும் இருக்கிறது. அதை டீக்கடையில் சொல்லிப் பெருமையடித்துக்கொள்ளலாம், எழுத வேண்டியதில்லை. நான் எழுதப் போவது நினைத்தாலே இன்றும் காது சூடாகிற கதை. தொழிலை விட்டுவிட்டேன், அந்தச் சூடு மட்டும் விடவில்லை.

என் மகள் ஜெனிட்டாவை ஆவூரில் கட்டிக் கொடுத்திருந்தேன். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கூட இருந்துவிட்டு அவர் விமானம் ஏறிவிட்டார். என் மகள் மாமனார் மாமியாரோடு இருந்தாள். சம்பந்தி சவரிமுத்து சொந்தமாக ஒரு வேன் வைத்து ஓட்டினார். காலையும் மாலையும் ஸ்கூல் பிள்ளைகள், விடுமுறை வந்தால் வேளாங்கண்ணி சவாரி. அந்த வீட்டில் அடுப்பு எரிவது அந்த வேனால்தான். மனிதர் அதிர்ந்து பேசமாட்டார். சம்பந்தி அம்மா அவருக்கும் சேர்த்துப் பேசுவார்.

பெண்ணைக் கொடுத்த இடத்தில் நமக்கு எப்போதும் ஒரு படி கீழேதான் நாற்காலி. ஆவூர் போனால் நான் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதனால் அவருடைய வேன் ஒரு நாள் சூடேறி நின்று, இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் தண்ணீர் ஒழுகாமல் அடைக்கிற ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று என் பட்டறைக்குக் கட்டி இழுத்து வந்தபோது, வருத்தப்படுவது போல முகத்தை வைத்துக்கொண்டேனே தவிர உள்ளுக்குள் ஒரே குஷி. இங்கே நான்தான் ராஜா. சம்பந்திக்கு ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, இன்ஜினைத் திறந்து காட்டினேன்.

வேலையில் குறை வைக்கவில்லை. ஹெட்டை லேத் பட்டறைக்கு அனுப்பி முகத்தைச் சமன் செய்து வாங்கினேன். கேஸ்கட் புதுசு, போல்ட் புதுசு. அத்தோடு நிற்கவில்லை. அந்த வண்டி வாங்கிய நாளிலிருந்து போர்த் தண்ணீர்தான் குடித்திருந்தது. ரேடியேட்டரைத் திறந்தால் செம்மண் குளம். அத்தனை துருவையும் உப்பையும் அலசி எடுத்துவிட்டு, இன்ஜினைக் குளிரவைக்கும் பச்சைக் கூலண்டாக, நல்லதாகப் பார்த்து ஊற்றினேன். இனிமேல் பிளாக் துருப்பிடிக்காது என்று சம்பந்தியிடம் ஒரு வகுப்பே எடுத்தேன். அவர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று நாலு பேரிடம் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னாராம். ஜெனிட்டா போனில் சொன்னாள். அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

இரண்டு வாரம் இருக்கும். சம்பந்தி போன் செய்தார். ஊர் நிலவரம், மழை, மாப்பிள்ளை அனுப்பிய போட்டோ எல்லாம் பேசி முடித்து, வைக்கப் போகிற நேரத்தில், ரேடியேட்டரில் லேசாகத் தண்ணீர் குறைகிற மாதிரி இருக்கிறது, ஒன்றும் அவசரமில்லை என்றார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது.

தம்பிகளே, இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். வேறு யாருடைய வண்டியாக இருந்தாலும் நான் என்ன செய்திருப்பேன்? இன்ஜினை ஓடவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே படுத்து, தண்ணீர் எங்கே இருந்து வருகிறது என்று தேடியிருப்பேன். இந்த வண்டியைப் பட்டறைக்கு வரவழைத்தேனே தவிர, தேடவில்லை. பிளாக்கின் பின்பக்கம், ஹெட்டுக்குக் கீழே கொஞ்சம் ஈரம் தெரிந்தது. என் கேஸ்கட்தான் காலை வாரிவிட்டது என்று அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டேன். குற்றவாளி நான்தான் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்ட பிறகு விசாரணை எதற்கு? ஹெட்டைத் திரும்பக் கழற்றினேன். வேறு கேஸ்கட் போட்டு, அதன் மேல் பசையும் தடவிப் பூட்டினேன். பட்டறை நிழலில் ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன். சொட்டு இல்லை. அனுப்பிவிட்டேன்.

அது பட்டறையில் சொட்டவில்லை. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு விராலிமலை ரோட்டு வெயிலில் ஓடி, இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு சொட்டியது. மறுபடியும் போன் வந்தது. இந்த முறை நானே ஆவூருக்குப் போனேன். ஜெனிட்டா காபி கொண்டுவந்து வைத்தாள். சம்பந்தி அம்மா என்னைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. மருமகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"மெக்கானிக் வீட்டுல பொண்ணு எடுத்துருக்கோம். ஊர்ல எல்லா வண்டியும் ஓடுது, நம்ம வண்டிதான் நிக்குது."

வேடிக்கைப் பேச்சுதான். சம்பந்திகூட, சும்மா இரு என்று மனைவியை அடக்கினார். ஜெனிட்டா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் கழுத்து சிவந்திருந்ததைப் பார்த்தேன். கல்யாணமாகி முழுதாக ஒரு வருடம் ஆகவில்லை. புருஷனும் ஊரில் இல்லை. அந்த வீட்டில் அவளுக்கு இருந்த மரியாதை என் கையில் இருந்த ஸ்பேனரில் தொங்கிக்கொண்டிருந்தது. அது எனக்கு நன்றாகவே தெரிந்தது. தெரிந்ததால்தான் புத்தி வேலை செய்யவில்லை.

மூன்றாவது முறை வேனைக் கொண்டுவந்து, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூடப் போகாமல், ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு ஹெட்டைக் கழற்றினேன். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் பார்த்துவிடக் கூடாது. முப்பது வருடத் தொழிலில் நான் ஷட்டரை இறக்கிவிட்டு வேலை பார்த்தது அன்றைக்குத்தான். ஆனால் சத்தம் வெளியே போகாமல் இருக்குமா? அடுத்த கொட்டகையில் ரேடியேட்டர் வேலை பார்ப்பவர் குனிந்து எட்டிப் பார்த்தார். என்னைவிட வயதில் சின்னவர், நல்ல வேலைக்காரர். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது.

"பூட்டுறதுக்கு முந்தி எங்கிட்டச் சொல்லுங்கண்ணே," என்றார். "ரேடியேட்டர்ல காத்த ஏத்திப் பிரஷர் குடுத்துப் பாத்துருவோம். எங்கிட்டு ஒழுகுதுன்னு கால் மணி நேரத்துல தெரிஞ்சுரும்."

பிரஷர் டெஸ்டர் அவரிடம் இருந்தது. என்னிடம் இல்லை. சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அவர் வந்து பார்த்தால், இவனுக்கு மூன்று தடவை பிரித்தும் பிடிபடவில்லை என்று தெரிந்துவிடுமே.

"கண்டுபிடிச்சுட்டேன்ப்பா. ஒரு போல்ட்டு மரை போயிருக்கு, அதான்," என்றேன்.

எந்த மரையும் போகவில்லை. அவர் என்னையும் வேனையும் ஒரு முறை பார்த்துவிட்டு, சரிண்ணே என்று போய்விட்டார்.

அந்த மூன்றாவது வேலைக்குப் பிறகு ஆவூரிலிருந்து புகாரே வரவில்லை. நான் தினமும் ஜெனிட்டாவுக்குப் போன் செய்வேன். சாப்பிட்டியா என்று கேட்பதற்கு முன்னால், வண்டி ஒழுகவில்லையே என்றுதான் கேட்பேன். இல்லைப்பா, நல்லா ஓடுது என்பாள். வாரங்கள் போயின. எனக்கு உயிர் வந்தது. ரேடியேட்டர்காரரிடம், அந்த வேன் இப்போது பூப்போல ஓடுகிறது என்று நானாகவே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். எவ்வளவு கொழுப்பு பாருங்கள்.

பிறகு என் மனைவிக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டாள். பார்த்துக்கொள்ள ஜெனிட்டா ஊருக்கு வந்தாள். வந்த நாளிலிருந்து அவள் முகம் சரியில்லை. அம்மாவுக்குக் கொஞ்சம் தேவலை என்றதுமே கிளம்புகிறேன் என்றாள். இருந்துவிட்டுப் போ ஆத்தா, அங்கே என்ன தலை போகிற வேலை என்று நான்தான் நிறுத்தி வைத்தேன். என்ன வேலை என்று அவளும் சொல்லவில்லை.

அவள் எங்கள் வீட்டில் இருக்கும்போதுதான் அது நடந்தது. சம்பந்தி பிள்ளைகளை ஸ்கூலில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார். வண்டி இழுக்கவில்லை, ஏதோ தீய்ந்த வாடை அடித்தது. மீட்டரைப் பார்த்திருக்கிறார். சூடு அளவோடுதான் காட்டியது. தண்ணீர் இருந்தால்தான் அந்த மீட்டர் உண்மையைச் சொல்லும், தண்ணீர் அதற்குக் கீழே இறங்கிவிட்டால் முள் சும்மா நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. முள்ளும் சூடில்லை என்கிறது, சம்பந்தி மூன்று முறை பார்த்த வண்டி கொதித்திருக்காது என்று நம்பி, எதற்கும் திறந்து பார்ப்போம் என்று துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகியிருக்கிறார். உள்ளே அடைபட்டிருந்த ஆவி மொத்தமும் அவர் கையிலும் கழுத்திலும் அடித்தது.

நாங்கள் புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். வலது கை முழங்கை வரை கட்டு. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்த ஒன்றுக்காக மாதாவுக்கு நன்றி சொன்னேன். சம்பந்தி அம்மா கட்டிலின் தலைமாட்டில் விசிறிக்கொண்டு நின்றார். என்னால் உள்ளே போக முடியவில்லை. வராந்தாவிலேயே நின்றுவிட்டேன். ஜெனிட்டா என் சட்டைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

மூன்றாவது முறை வண்டி போனதிலிருந்து அது சொட்டுவது நிற்கவே இல்லை என்றாள். விடியற்காலையில் எல்லாரும் எழுவதற்கு முன்னால் இவள் எழுந்து, வேனுக்கு அடியில் சிமெண்டுத் தரையில் தேங்கியிருக்கும் பச்சைத் தண்ணீரைப் பழைய சாக்கால் ஒற்றி எடுத்துக் கழுவிவிடுவாளாம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்து, குறைந்த அளவுக்குச் செம்பில் தண்ணீர் ஊற்றி நிரப்பி வைப்பாளாம். பட்டறையில் வளர்ந்த பிள்ளை, செய்யத் தெரியாதா? மருமகள் விடியுமுன் வாசல் கழுவுகிறாள் என்று மாமியார் மெச்சிக்கொண்டிருந்தாராம்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"மூணு தடவ பிரிச்சுட்டீங்கப்பா. நாலாவது தடவையும் அந்த வீட்ல நின்னு ஒங்களப் பத்திப் பேசுறதக் கேக்க என்னால முடியல," என்றாள். பிறகு, "நான் இங்கிட்டு வந்துட்டேன். ஊத்த ஆளில்ல. என்னாலதான் மாமா கை வெந்துபோச்சு," என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அப்போதுதான், முதல் முறையாக, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். எந்த இடத்தில் ஆத்தா தண்ணீர் நிற்கும்?

பின்னாடி, கியர் பாக்ஸ் வந்து சேர்கிற இடத்துக்கு நேர் கீழே என்றாள்.

எனக்குப் பொறி தட்டியது. இன்ஜின் பிளாக்கின் பின்பக்கத்தில், கியர் பாக்ஸ் மறைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு சின்னத் தகர மூடி இருக்கும், பிளக் என்போம். போர்த் தண்ணீர் அதை எப்போதோ அரித்துவிட்டிருக்கிறது. அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்ததே துருவும் உப்பும்தான். நான் அலசோ அலசு என்று அலசி, புதுக் கூலண்டும் ஊற்றியதும் அடைப்பு கரைந்து ஒழுக ஆரம்பித்திருக்கிறது. சூடேறி அழுத்தம் கூடினால் கசியும், மேலே தெறித்து ஹெட்டுக்குக் கீழே ஈரம் காட்டும். கேஸ்கட் மூன்று முறையும் சரியாகத்தான் இருந்தது. முதல் முறை போட்டதே சரியாகத்தான் இருந்தது.

இனி எழுதப் போவதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன். என் மகள் எதிரில் அழுதுகொண்டு நிற்கிறாள். உள்ளே ஒரு மனிதர் வெந்த கையோடு கிடக்கிறார். எனக்கு அந்த நேரத்தில் மனசு லேசாகிவிட்டது. என் கேஸ்கட் இல்லை! என் கை தப்பவில்லை! அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். ஜெனிட்டா அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

அதோடு விட்டேனா? நேரே வார்டுக்குள் போனேன். ஜெனிட்டா எனக்கு முன்னால் போய்விட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், தினமும் தண்ணீர் ஊற்றியதையும் தரையைக் கழுவியதையும் மாமியாரிடம் அவளே ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். சம்பந்தி அம்மா விசிறியைக் கீழே வைத்தார்.

"அப்பன் பேரக் காப்பாத்த எம் புருசன் கையப் பொசுக்கிட்டியேடி," என்றார்.

வார்டில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் மகள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். இப்போது பேச வேண்டியவன் நான். இந்தப் பிள்ளை சொல்ல முடியாதபடி செய்தது நான்தானம்மா, உதவிக்கு வந்தவரிடம் பொய் சொல்லி அனுப்பியவன் நான்தானம்மா என்று சொல்லியிருக்க வேண்டும். பேசத்தான் செய்தேன். என்ன பேசினேன் தெரியுமா? கேஸ்கட்டில் ஒரு குறையும் இல்லை சம்பந்தி, பின்னால் பிளக் ஓட்டை, போர்த் தண்ணீர் ஊற்றினதால் வந்தது, கியர் பாக்ஸை இறக்கினால்தான் தெரியும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். போர்த் தண்ணீர் ஊற்றியவர் அவர்தான் என்பதையும் சேர்த்து. என் மகள் என் பக்கத்தில்தான் நின்றாள்.

சம்பந்தி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். கழுத்தில் மருந்து பூசியிருந்ததால் அவரால் தலையைத் திருப்ப முடியவில்லை. கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினார்.

"வண்டிய விடுங்க சம்பந்தி," என்றார். "பிள்ளையப் பாருங்க."

பிறகு மனைவியிடம், அந்தப் பிள்ளை தெரிந்து செய்யவில்லை, அதை ஒன்றும் சொல்லாதே என்றார். என் மகளுக்காகப் பேசியவர் அவர்தான்.

வேனை ரேடியேட்டர்காரர் கொட்டகைக்கே இழுத்துக்கொண்டு போனேன். இந்த முறை ஷட்டர் கிட்டர் எதுவும் கிடையாது. பொய் சொன்னதையும் சொன்னேன். தெரியும்ண்ணே என்றார், அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் காற்றை ஏற்றினார், நான் விளக்குப் பிடித்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, கியர் பாக்ஸ் ஓரத்திலிருந்து வழிந்து வந்தது. அந்தக் கொட்டகையில் வேடிக்கை பார்த்தவர்கள்தான் வண்டிக்குப் பெயர் வைத்தார்கள். வைக்கட்டும்.

தொழில் பாடம் இதில் ஒன்றும் பெரிதாக இல்லை. கேஸ்கட் மாற்றிய பிறகும் தண்ணீர் குறைந்தால், கேஸ்கட்டைச் சந்தேகப்படுவதற்கு முன் பிரஷர் போட்டு எங்கே ஒழுகுகிறது என்று கண்ணால் பாருங்கள். அது புத்தகத்திலேயே இருக்கிறது. நான் சொல்ல வந்தது வேறு. வண்டி திரும்பி வரும்போது நம் மானமும் அதோடு சேர்ந்து பட்டறைக்குள் வரும். அதை வெளியே நிறுத்திவிட்டு வண்டியைப் பாருங்கள். இரண்டையும் ஒன்றாகப் பிரித்துப் பூட்ட முடியாது. சுற்றி இருப்பவர்கள் நம்மிடம் உண்மையைச் சொல்ல முடியாத அளவுக்கு அந்த மானத்தை வளர்த்துவிடாதீர்கள்.

சம்பந்தி வீடு திரும்பிய பிறகு ஒரு நாள் ஆவூருக்குப் போனேன். மறுபடி வேன் ஓட்ட அவருக்கு வெகு நாள் ஆனது. அதுவரைக்கும் நான்தான் ஆள் வைத்து ஓட்டினேன். அன்று சம்பந்தியும் சம்பந்தி அம்மாவும் முன் அறையில் இருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள், நான் உட்காரவில்லை. ஆஸ்பத்திரியில் சொல்லாமல் விட்டதை எல்லாம் சொன்னேன். என் பிள்ளை மேல் தப்பில்லை, என் கௌரவத்துக்குப் பயந்து அவள் இந்தக் காரியம் செய்யும்படி வைத்தது நான்தான் என்றேன். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

 சம்பந்தி அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டார். அவர் குரலில் கோபம் இல்லை.

"இத அன்னைக்கே அங்கனக்குள்ளயே சொல்லியிருக்கலாம்ல," என்றார். "சொல்லியிருந்தா அந்தப் பிள்ளைய நாலு பேரு முன்னாடி நான் அப்படிப் பேசியிருக்க மாட்டேன்."

ஜெனிட்டா அடுப்படியில்தான் இருந்தாள். நாங்கள் பேசியது அத்தனையும் அவளுக்குக் கேட்டிருக்கும். வெளியே வருவாள் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நானாகக் கிளம்பினேன்.